வெயிலில் தகரம் பேசும்

என் அக்கா வீட்டுக்கு உச்சி வெயிலில் யாரும் போகவேண்டாம். போனால் பயந்துவிடுவீர்கள். நீங்கள் பாட்டுக்கு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். மேலே தகரக் கூரை ‘டக்’ என்று ஒரு சத்தம் போடும். உடனே என் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவார். வாசல் கதவை அகலத் திறப்பார். தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்ப்பார். “யாரு?” என்று கேட்பார். ஒருவரும் இருக்கமாட்டார்கள். திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்குவார். அடுத்த ‘டக்’ வரும். மறுபடியும் எழுந்து போவார்.

ஊரில் இதைப் பைத்தியம் என்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் இந்த மனிதர் இப்படி ஆனதைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். ஆக்கியவர்கள் யார் என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் இன்னும் அதே நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதால் வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

மாமாவுக்குத் தொழில் தகரம் அடிப்பது. கடை முகப்பு, பட்டறை, சைக்கிள் நிறுத்துமிடம், மொட்டை மாடிக் கூரை, எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் மறைந்து ‘தகரம்’ என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த அன்று முதலில் எங்கள் கூரையைத்தான் அண்ணாந்து பார்த்தார். “ரெண்டு இடத்துல ஒழுகுமே” என்றார். அக்காவை அப்புறம்தான் பார்த்தார். அக்கா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டில் வேலை என்றாலும் ஏணியைச் சாத்துவதற்கு முன் கதவைத் தட்டி, “வீட்ல யாரு? மேல ஏறப்போறேன், சத்தம் வரும். யாராச்சும் தூங்குறாங்களா?” என்று கேட்பார். வீட்டுக்காரரே எதிரில் நின்றுகொண்டிருந்தாலும் கேட்பார். ஒரு முறை ஆளில்லாத கிடங்கில் நின்று இப்படிக் கேட்டதற்கு நான் சிரித்துவிட்டேன். “எலி இருக்கும்ல மாப்ளே, அதுங்களுக்கும் தெரியட்டும்” என்றார்.

அவர் எல்லாரிடமும் சொல்லும் வாசகம் ஒன்றும் உண்டு. புதிதாகக் கூரை போட்டவர்கள் மறுநாளே ஓடி வந்து, மேலே யாரோ தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று புலம்புவார்கள். “வெயில்ல தகரம் பேசும். சூடு ஏறினாலும் பேசும், எறங்கினாலும் பேசும். அது உங்ககிட்டப் பேசல. கண்டுக்காதீங்க” என்று அனுப்பிவிடுவார். முப்பது வருடம் இதே வாசகம்தான். ஒரு தடவைகூடப் பொய்யானதில்லை.

என்னிடம் ஒரு சின்ன லோடு வண்டி இருக்கிறது. அதன் சைலன்சர் ஓட்டையாகிப் பல காலம் ஆயிற்று. மூன்று தெரு தள்ளி வரும்போதே ‘இன்னார் வருகிறான்’ என்று தெரிந்துவிடும். மாமாவின் தகரமெல்லாம் என் வண்டியில்தான் போகும். ஷீட்டுகள் சரியாமல் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நிற்பார். அந்த இரைச்சலில் பேசினால் கேட்காது. அதனால் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போ. லோடு வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் இதுதான் பாஷை. காது கேட்பதற்குள் கால் பிரேக்குக்குப் போய்விடும்.

கிருமி வந்த வருடம் ஊர் அடங்கியது. எங்கள் நகராட்சி மருத்துவமனையில் படுக்கை இல்லை, மூச்சுக்குக் காற்று இல்லை. சளியை எடுத்துக்கொண்டு போனால் முடிவு வருவதற்குள் ஆள் தேறியிருப்பான், இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்திருப்பான். தொற்று வந்த வீட்டுக்கு மருத்துவர் வரமாட்டார், மாத்திரை வராது. தகரம் மட்டும் டாண் என்று வந்துவிடும். யாருக்காவது தொற்று என்று தகவல் வந்த உடனே அந்த வீட்டின் வாசலை அப்படியே தகரத்தால் அடைத்துவிட வேண்டும் என்று ஆணையர் உத்தரவு போட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. வைத்தியம் செய்தால் அது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? தகரம் அடித்தால் பளபளவென்று தெரியும், புகைப்படத்திலும் நன்றாக விழும்.

வேறு வேலை எதுவும் இல்லாத நேரம். மாமாவைக் கூப்பிட்டார்கள், என் வண்டியையும் கூப்பிட்டார்கள். கூடவே பொறியியல் பிரிவிலிருந்து ஒரு சூப்பர்வைசர் பைக்கில் வருவார். எந்த வீடு என்பது அவர் கைபேசிக்கு வரும். அவர் கை காட்டுவார், மாமா அடிப்பார், அவர் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்புவார்.

முதல் நாளே தகராறு வந்தது. மாமா வழக்கம்போலக் கதவைத் தட்டப் போனார். சூப்பர்வைசர் பத்தடி தள்ளி நின்று கத்தினார். தட்டக்கூடாது, கூப்பிடக்கூடாது, உள்ளே இருப்பவர்கள் திறந்தால் காற்று வெளியே வந்துவிடும், மேலே சொன்னது இதுதான் என்றார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடிக்கிறேனே என்று மாமா கேட்டதற்கு, “நீ என்ன விருந்துக்கா வந்திருக்க?” என்றார். மாமா அன்றைக்குத் தன் வாழ்நாளில் முதல் தடவையாகச் சொல்லாமல் ஒரு வீட்டில் டிரில்லைப் போட்டார். சாயங்காலம் சாப்பிடும்போது அக்காவிடம், திருடன் மாதிரி இருந்தது என்று சொன்னார்.

அடித்த தகரத்தை யார் பிரிப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அடிப்பது பொறியியல் பிரிவு. பிரிக்கச் சொல்லவேண்டியது சுகாதாரப் பிரிவு. சுகாதாரப் பிரிவிடம் போனால் தகரம் எங்களுடையது இல்லையே என்பார்கள். நோய் தீர்ந்த பிறகும் ஆட்கள் உள்ளேயே இருந்தார்கள். நாங்கள் வண்டியில் போகும்போது சில வீடுகளில் தகரத்துக்கு மேல் இரண்டு கண்கள் மட்டும் தெரியும். ஸ்டூல் போட்டு ஏறி நின்று பார்ப்பார்கள். எங்கள் வண்டியைக் கண்டதும் அந்தக் கண்கள் கீழே இறங்கிவிடும். சில தெருக்களில் வாசலுக்கு வாசல் தகரம். ஆள் நடமாட்டம் கிடையாது, நாய்கூட வேறு பக்கம் போய்விட்டது. வண்டியை ஓட்டிக்கொண்டு போனால் எதிர்த் தகரத்தில் கலங்கலாக ஒரு வண்டி வரும். அதை ஓட்டுகிறவனுக்கு முகம் இருக்காது. அது நான்தான் என்று தெரிந்தும் ஓரமாக ஒதுங்கி வழிவிடுவேன்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்க மதிலை ஒட்டி ஒரு சந்து இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்க மதில். மறுபக்கம் சில வீடுகள், பூட்டிக் கிடக்கும் ஒரு அச்சகம், அதற்கு அடுத்துத் தனியாக ஒரு ஓட்டு வீடு. ஒரு மத்தியானம் சூப்பர்வைசர் அந்த ஓட்டு வீட்டின் முன்னால் பைக்கை நிறுத்தி, “ஏழாம் நம்பர், இதான்” என்றார். சுவரில் மேலே ஏழு என்று மங்கலாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே பதினொன்று என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் இரண்டு எண் உண்டு. சில வருடம் முன்பு நகராட்சி புது எண் கொடுத்தபோது பழையதை அழிக்காமல் கீழேயே எழுதிவிட்டுப் போனார்கள். ஊருக்கே பழகிப்போன கூத்து என்பதால் நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

வெளிப்பக்கமாகத் திறக்கும் ஒற்றைக் கதவு. மாமா ஷீட்டை நிமிர்த்தி ஒரு பக்கம் திருகாணி ஏற்றிவிட்டு மறுபக்கத்துக்கு வந்தார். அப்போது கதவு உள்ளிருந்து நகர்ந்தது. தகரத்தில் இடித்து நின்றது. இடுக்கு வழியாக நான்கு விரல்கள் வெளியே வந்து தகரத்தின் ஓரத்தைப் பிடித்தன. சத்தம் இல்லை, பேச்சு இல்லை. விரல்கள் மட்டும்தான். மாமா டிரில்லை நிறுத்தினார்.

“ஓடப் பாக்கறாங்க பாரு. சீக்கிரம் அடி” என்றார் சூப்பர்வைசர், கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே.

மாமா அந்த விரல்களின் பக்கம் குனிந்து, “விரலை எடுத்துக்குங்க. நசுங்கிடும்” என்றார். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. மாமா மீதித் திருகாணிகளை ஏற்றினார். வண்டியில் ஏறியவர் வழக்கமாகத் தட்டும் இரண்டு தட்டைத் தட்டவில்லை. நானாகத்தான் வண்டியை எடுத்தேன்.

பெரிய சாலையை மறித்து அங்கேயும் தகரம் அடித்திருந்ததால் மீதி ஷீட்டுகளைக் கிடங்கில் இறக்குவதற்குத் தினமும் சாயங்காலம் அந்தச் சந்து வழியாகத்தான் திரும்பவேண்டும். மறுநாள் அச்சகத்தைத் தாண்டும்போது ‘டக்’ என்று ஒரு தட்டு கேட்டது. கால் பிரேக்கை அழுத்திவிட்டது. என்ன மாமா என்று கேட்டேன். நான் தட்டவில்லையே என்றார். இரண்டு பேரும் அந்தத் தகரத்தைப் பார்த்தோம். அது சிவப்பு வெயிலில் சும்மா நின்றுகொண்டிருந்தது.

“வெயில் எறங்குதுல்ல. தகரம் பேசுது. நீ போ” என்றார் மாமா.

அதற்கடுத்த நாளும் அதே இடத்தில் அதே ஒற்றைத் தட்டு. அதற்கடுத்த நாளும். எனக்குக் கிலி பிடித்துவிட்டது. தட்டு வரப்போகிறது என்று தெரிந்தே சந்துக்குள் நுழைவேன், அழுத்தக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். தட்டு விழும். கால் என் பேச்சைக் கேட்காமல் போய் அழுத்தும். ஆளில்லாத சந்தில் வண்டி நின்று உறுமிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் எப்போதோ செத்தவன் எவனோ ஏற இடம் கேட்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இதை அக்காவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு மாமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“தகரத்துக்கு உங்க வண்டி வர்ற நேரம் எப்படித் தெரியும்?”

மாமா அவளை அதட்டினார். அவர் அவளை அதட்டி நான் பார்த்ததே இல்லை. அதட்டிவிட்டுச் சாப்பாட்டில் பாதியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோனார்.

அந்தச் சந்தில் இருந்த ஒரு பெண்மணியும் ஓட்டு வீட்டுக்குள் தட்டுகிற சத்தம் கேட்கிறது என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். அவர் மாமாவிடம் கேட்டார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டே தன் முப்பது வருட வாசகத்தைச் சொன்னார். சூப்பர்வைசருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கைபேசியில் பதிவு செய்து மேலே அனுப்பிவிட்டார். மேலே இருந்தவர்களுக்கு அதைவிடப் பிடித்துப்போனது. இரண்டு நாளில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகப் போக ஆரம்பித்தது. ‘தகர அடைப்புகள் வெயிலில் ஒலி எழுப்புவது இயல்பே. பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை. தகரங்களின் அருகில் செல்லவோ தொடவோ வேண்டாம்.’ அடைத்த வாசல்களுக்கு நடுவே மாமாவின் வாசகம் சட்டை மாற்றிக்கொண்டு காலையும் மாலையும் உலா வந்தது. ஆட்டோ எங்கள் தெருவுக்கு வந்தால் மாமா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார்.

பிறகு அடைமழை பிடித்துக்கொண்டது. சூரியன் என்ற ஒன்று இருந்ததே மறந்துபோகிற மாதிரி மழை. வேலை நின்றது. மழை கொஞ்சம் விட்ட ஒரு மாலையில், காற்றுக்குச் சரிந்துபோன சாலைத் தடுப்பை நிமிர்த்துவதற்குக் கூப்பிட்டார்கள். திரும்பும்போது அதே சந்து. மதிலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்குத் தட்டாது, வெயிலே இல்லையே என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு அச்சகத்தைத் தாண்டினேன்.

‘டக்.’

முன்பைவிட மெல்ல. வண்டி நின்றது. பின்னாலிருந்து மாமா குதித்து இறங்குவது தெரிந்தது. போய்த் தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். அப்படியே நின்றார். நானும் இறங்கிப்போய் வைத்துப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது.

மாமா விரல் முட்டியால் தகரத்தைத் தட்டினார். “வீட்ல யாரு?” என்று கேட்டார்.

பதில் வரும் என்று நான் நினைக்கவில்லை. வந்தது. நாங்கள் கை வைத்திருந்த உயரத்தில் இல்லை. கீழே, எங்கள் கணுக்காலுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு தட்டு.

மாமா சூப்பர்வைசரைக் கைபேசியில் கூப்பிட்டார். உத்தரவு இல்லாமல் ஒரு திருகாணியைத் தொட்டாலும் வழக்குப் போடுவார்கள், சுகாதாரப் பிரிவைக் கேட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. “நாளைக்கா?” என்றார் மாமா. கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியிலிருந்து கடப்பாரையை உருவினார். வழக்குப் போடுவார்கள் மாமா என்று நானும் ஒரு பாட்டுப் பாடினேன்.

“போடட்டும். நான் அடிச்சது. நான் பிரிக்கிறேன்.”

ஷீட் பிய்ந்து வந்தது. கதவு தானாக எங்கள் பக்கம் திறந்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் கதவோடு சேர்ந்து சரிந்து மாமாவின் கால்மேல் விழுந்தார். வயதானவர். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். உதடெல்லாம் வெடித்திருந்தது. எங்களைப் பார்த்து வாயை அசைத்தார், சத்தம் வரவில்லை. தொண்டையில் பழைய வெட்டுத் தழும்பைப் பார்த்ததும்தான் எனக்கு ஆள் பிடிபட்டது. மாமாவுக்கும் பிடிபட்டிருக்கவேண்டும், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஊர் டவுன் பஸ் கண்டக்டர். ‘ரைட் ஐயா’ என்றால் தெரியாத ஆள் கிடையாது. தொண்டையில் அறுவை செய்து குரல் போன பிறகும் ஓய்வு பெறும்வரை வண்டியில்தான் இருந்தார். விசில் ஊத மூச்சு நிற்காது என்பதால் சில்லறைக் காசால் பஸ் தகட்டில் தட்டுவார். ஒரு தட்டு நில். இரண்டு தட்டு ரைட். பள்ளிக்கூடம் போகும்போது அந்தத் தட்டுக்காகவே படியில் தொங்கியிருக்கிறேன். மனைவி போன பிறகு இந்தச் சந்தில் தனியாக இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

என் வண்டியின் சத்தம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன்னை அடைத்துவிட்டுப் போன வண்டி தினமும் திரும்பி வருகிறது என்று கண்டுகொண்டு, தினமும் அதை நிறுத்தியிருக்கிறார். நானும் தினமும் நிறுத்தியிருக்கிறேன். நிறுத்திவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

பிரித்த ஷீட்டை வண்டியில் விரித்து அதன்மேல் போர்வை போட்டு அவரைப் படுக்க வைக்கலாம் என்று புரட்டினோம். அதன் உட்பக்கத்தைப் பார்த்ததும் மாமா கையை எடுத்துவிட்டார். கதவு இடுக்கு வழியாகக் கை எட்டுகிற ஓரத்தில், டம்ளர் விளிம்பு பதிந்த சின்னச் சின்னப் பள்ளங்கள். ஆள் நிற்கிற உயரத்தில் ஒரு கூட்டம் நெருக்கமாக, ஆழமாக. அதற்குக் கீழே, உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரத்தில் இன்னொரு கூட்டம். இன்னும் கீழே கொஞ்சம். கடைசியாகத் தரை ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றும், தடவினால்தான் தெரிகிற மாதிரி. மாமா மேலிருந்து கீழ்வரை தடவினார். பிறகு ஷீட்டைத் தூர எறிந்துவிட்டுப் பெரியவரைத் தன் மடியிலேயே போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தார்.

மருத்துவமனை வாசலில் கதவு சாத்தியிருந்தது. கம்பிக்குப் பின்னால் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஒரு ஆள், அவருக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர். எந்த வீடு என்று கேட்டார். சொன்னோம். தேடிப் பார்த்துவிட்டு, புது எண் பதினொன்றில் தகரமே அடிக்கவில்லையே என்றார். அடித்தவரே இதோ இருக்கிறார் என்று மாமாவைக் காட்டினேன். இல்லை, தகரம் அடித்தது ஏழாம் எண்ணில், அந்த வீட்டில் எல்லாரும் நலம், தினமும் பாலும் காய்கறியும் போகிறது என்று படித்துக் காட்டினார்.

அப்போதுதான் விளங்கியது. சுகாதாரப் பிரிவுக்கு ஏழு என்றால் புது ஏழு. பொறியியல் பிரிவுக்கு ஏழு என்றால் பழைய ஏழு. தொற்று வந்த வீட்டுக்காரர்கள் தகரம் இன்னும் வரவில்லையே என்று அதிசயப்பட்டுக்கொண்டு பால் வாங்கிக் காய்ச்சியிருக்கிறார்கள். தொற்றே இல்லாத கிழவர் அரிசி டப்பாவைச் சுரண்டிக்கொண்டு தகரத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறார்.

நான் கத்தினேன், கும்பிட்டேன், கம்பியைப் பிடித்து ஆட்டினேன். எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. சோதனை முடிவு இல்லாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது, சளி எடுப்பவர் காலையில்தான் வருவார், அதுவரை வண்டியிலேயே இருங்கள் என்றார். அவர் தண்ணீர் ஒரு பாட்டில் கொடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். மாமா விரலில் நனைத்து நனைத்து அந்த உதட்டில் வைத்துக்கொண்டிருந்தார். நான் ஓட்டும் இடத்தில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். மழை மறுபடி தூற ஆரம்பித்தது.

முதுகுக்குப் பின்னால் தகட்டில் தட்டு விழுந்தது. ‘டக், டக்.’

இரண்டு தட்டு. கதவைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சாவியைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தால் கதவு சாத்தியபடியேதான் இருக்கிறது. எங்கே போவது மாமா என்று கேட்டேன். பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். மாமாவின் இரண்டு கைகளும் பெரியவரின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தன. தகட்டின் மேல் இருந்தது பெரியவரின் கை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வழுக்கிக் கீழே இறங்கியது.

“ரைட் குடுத்துட்டாரு மாப்ளே” என்றார் மாமா.

மறுநாளே நகராட்சி அறிக்கை விட்டது. முதியவர் வயது மூப்பால் இயற்கையாக இறந்தார். அவருடைய வீடு எக்காலத்திலும் அடைக்கப்படவில்லை. அடைக்கப்படாத வீட்டின் தகரத்தைப் பிய்த்ததற்காக மாமாவின் மேல் அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்குப் போட்டார்கள். இதைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அக்கா அழுதாள். கணக்கில் ஒரு தகரம் குறைகிறது என்று சூப்பர்வைசர் தன் கையாலேயே வேறொரு ஷீட்டைக் கொண்டுவந்து அந்த ஓட்டு வீட்டின் வாசலில் அடித்தார். உள்ளே யாரும் இல்லாததால் இந்தத் தடவை எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது.

நகராட்சிக் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுத்த பெண் ஒருத்தி குழாயடியில் அக்காவிடம் ஒரு சங்கதி சொன்னாளாம். ஒரு எண்ணிலிருந்து தினமும் அழைப்பு வரும், ஹலோ ஹலோ என்று இவர்கள் கத்துவார்கள், அந்தப் பக்கம் பேச்சே இருக்காது, ஏதோ தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். வேலை இல்லாதவன் விளையாடுகிறான் என்று அந்த எண்ணை வராமல் தடுத்துவிட்டார்களாம்.

நோய் ஓய்ந்த பிறகு, சிறப்பாகச் செயல்பட்ட நகரம் என்று எங்கள் ஊருக்கு விருது கிடைத்தது. பேருந்து நிலையத்தின் எதிரில் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். ஆணையர் சிரித்த முகமாக ஒரு பக்கம். மறுபக்கம் தகரம் அடிக்கிற படம். அன்றைக்கு ஓட்டு வீட்டு வாசலில் சூப்பர்வைசர் எடுத்த அதே படம்தான். மாமா குனிந்திருக்கிறார், கையில் டிரில். படத்தைப் பெரிதாக்கிப் போட்டதில் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கும் பெரிதாகிவிட்டது. அதில் நான்கு விரல்கள் தெரிகின்றன. ஊரே அதன் கீழ் நின்றுதான் பஸ் ஏறுகிறது. ஒருவரும் அண்ணாந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஆணையர் திறப்பு விழாவில் அதற்கு நேர் கீழே நின்றுதான் பேசினார்.

மாமா இப்போது தகர வேலைக்குப் போவதில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது, வாய்தாவுக்கு மட்டும் போய் வருகிறார். அக்கா கூரையை மாற்றி ஓடு போட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். அவர் சம்மதிக்கவில்லை. அவள் கடைசியில் வாசல் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்துவிட்டாள், அவர் எழுந்து போகும்போது சீக்கிரம் திறக்கட்டும் என்று.

போன வாரம் மத்தியானம் போயிருந்தேன். பத்து நிமிடத்தில் நான்கைந்து தடவை எழுந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. “மாமா, அது வெயிலு. தகரம் பேசுது. நீங்க சொன்னதுதானே?” என்றேன்.

“தெரியும் மாப்ளே. அன்னைக்கும் வெயிலுன்னுதான் சொன்னேன்” என்றார். மேலே ‘டக்’ என்றது. கதவைத் திறக்க எழுந்து போனார்.